ஆறுதல் சொல்ல ஆறு நிமிடம்: டீம் லீடர்களுக்கு ஒரு கையேடு

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் டீம் லீடராகப் பதவி உயர்ந்தவர்களுக்குக் கோடு எழுதத் தெரியும், எஸ்டிமேட் போடத் தெரியும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு "சின்ன வேலைதான்" என்று ஆரம்பித்து அடுத்தவருடைய சனிக்கிழமையை விழுங்கத் தெரியும். கூட வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. இதில் நானாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரை பல காலமாக நடைமுறையில் இருக்கும் முறைகளைத் தொகுத்திருக்கிறேன், அவ்வளவுதான். வங்கிக் கிளையிலும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் இருப்பவர்கள் சிறு மாற்றங்களோடு இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு அடிப்படை விதி. கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவி செய்தால் நேரம் போகும், அதை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். உதவி செய்ததாகத் தெரிந்தால் போதும் என்றால் ஆறு நிமிடத்தில் வேலை முடியும், எல்லோரும் பார்ப்பார்கள். பின்னதைத்தான் இங்கே கற்கப்போகிறோம்.

சாவுச் செய்தி வந்தால்

செய்தி பெரும்பாலும் விடியற்காலையில் டீம் வாட்ஸ்ஆப் குரூப்பில் வரும். "அப்பா தவறிட்டாங்க. ஊருக்குக் கிளம்பறேன்." இவ்வளவுதான் இருக்கும். நீங்கள் முதல் மூன்று பேருக்குள் வந்துவிட வேண்டும். நான்காவதாக 'ஆர்ஐபி' போடுபவரை யாரும் கவனிப்பதில்லை. கும்பிடும் கை இமோஜி மூன்று போதும். அழுகிற முகம் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் விரல் தவறி, கண்ணீர் வரச் சிரிக்கிற முகம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை அழித்தாலும் அழித்த தடம் அங்கேயே நிற்கும்.

அடுத்தது போன். மணி பத்துக்கு ஸ்டாண்ட்அப் மீட்டிங் இருப்பதால் 9.52-க்குக் கூப்பிடுவது உத்தமம், பேச்சு நீளாது. சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "என்ன உதவி வேணும்னாலும் தயங்காம கேளுங்க ப்ரோ." இதைவிடச் சிறந்த வாக்கியத்தை மனிதகுலம் இன்னும் செய்யவில்லை. பொறுப்பு மொத்தமும் கேட்க வேண்டியவர் தலையில் போய் இறங்கிவிடுகிறது. ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பிவிட்டு, பந்தல்காரனிடம் பேசிவிட்டு, துபாயிலிருந்து அண்ணன் வரும் விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருப்பவன், நம்மிடம் என்ன உதவி கேட்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கவா போகிறான்?

தப்பித்தவறி, "உங்க ரெண்டு டிக்கெட்டையும் நான் எடுத்துக்கறேன், வியாழக்கிழமை டெமோவுக்கு வேற ஆள் போட்டாச்சு, ஆபீஸ் போனை அணைச்சு வெச்சுடுங்க" என்று குறிப்பாகச் சொல்லிவிடாதீர்கள். குறிப்பாகச் சொன்னால் குறிப்பாகச் செய்ய வேண்டிவரும். போனை வைக்குமுன் மறக்காமல், "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்..." என்று தொடங்கி, சர்வர் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டதால் அது கேட்டதாகக் கணக்கில் வராது.

இனி விடுப்பு. தனியார் கம்பெனிகளுக்குத் துக்க விடுப்பு என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது, கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு. பல இடங்களில் மூன்று நாள். மூன்று நாளில் பால் தெளித்து முடிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியம் பாக்கி இருக்கும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ் போக வேண்டும், அப்பாவின் பென்ஷன் கணக்கு இருந்த வங்கியில் மேனேஜர் லீவில் இருப்பார், மறுபடியும் வரச் சொல்வார்கள். இதையெல்லாம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டே செய்ய முடியும் என்பதுதான் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்ற ஏற்பாட்டின் மகத்துவம். "லீவ் போடாதீங்க, வீட்டுலேர்ந்தே பாருங்க" என்று சலுகைபோலச் சொல்லுங்கள். அவர் நன்றி சொல்வார்.

யார் செத்தால் விடுப்பு என்பதிலும் தெளிவு வேண்டும். பாலிசியில் 'இம்மீடியட் ஃபேமிலி' என்றால் அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். மாமனார், மாமியார் சில கம்பெனிகளில் உறவு, சில கம்பெனிகளில் அந்நியர். தாயில்லாத வீட்டில் தூக்கி வளர்த்த பெரியம்மாவும், இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டிய தாய்மாமனும் எந்தக் கம்பெனியிலும் உறவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் குழந்தைக்குக் காதுகூடக் குத்தாத ஊர் இது. அவர் போய்ச்சேர்ந்தால் நம் ஆள் "அங்கிள் எக்ஸ்பயர்டு" என்று மெயில் எழுதி ஒரு நாள் கேஷுவல் லீவ் கேட்க வேண்டும். 'அங்கிளுக்கெல்லாம் லீவா?' என்ற தொனியில், ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல், அப்ரூவ் செய்யுங்கள்.

டீமோடு துக்கத்துக்குப் போவது இந்தக் கையேட்டின் உச்சம். டெம்போ டிராவலர் ஏற்பாடு செய்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஜிபேயில் வசூல் செய்து, பெரிய மாலையாக வாங்கிக்கொள்ளுங்கள். திண்டிவனம் தாண்டி டிபன். வண்டியில் பாட்டு வேண்டாம் என்று ஒருவர் சொல்வார், மெதுவாக வைக்கலாம் என்று இன்னொருவர் சொல்வார். ஊர் எல்லை வந்ததும் அணைத்துவிடலாம். வீட்டுக்குள் போய் மாலை போட்டு, பாயில் உட்கார்ந்து, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருங்கள். "வயசு என்ன ஆச்சு?" என்று கேட்பது கட்டாயம். எழுபதுக்கு மேல் என்றால் "நல்ல சாவு, படுக்கையில விழாம போயிட்டார்" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஐம்பத்து மூன்று என்று பதில் வந்தால், "சுகர் இருந்துச்சா?" என்று கேளுங்கள். பழி போட ஓர் இடம் கிடைத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். ஆகவே ஒன்றும் சொல்லாமல் எழுந்து, வாசல் வரை வந்த மகனிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நீங்க எப்ப வர்றீங்க?" என்று கேளுங்கள்.

டீமிலேயே ஒருவர் போய்விட்டால்

இதைப் பற்றி எழுதும்போது கேலி கொஞ்சம் தடுமாறுகிறது, பரவாயில்லை. கொரோனாவின் 2021 ஏப்ரல், மே மாதங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு குரூப்பில் வந்த எண்ணுக்குக் காலையில் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்துப் பேசிய காலம் அது.

அப்படிப்பட்ட நேரத்தில் மனிதவளத் துறை செய்ய விரும்புவது ஒரு கூட்டம். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அல்லது ஜூம் சதுரங்களில் அடைத்து, "இப்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது, ஒவ்வொருவராகப் பகிருங்கள்" என்பார்கள். இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1980-களில் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்பு வீரர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் என்று உண்டாக்கிய முறையின் தூரத்துப் பேரன்தான் இது. அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் ஆட்களைக் கூட்டி எல்லாவற்றையும் கொட்ட வைத்தால் பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுக்கலாம் என்று நம்பினார்கள். பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படித் தடுப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2011-இல் மனநல முதலுதவிக்கென்று ஒரு கையேடு போட்டது. அதன் சாரம் சுருக்கமானது: என்ன நிலைமை என்று பார், அவர் சொல்வதைக் கேள், தேவையான உதவியோடு கொண்டுபோய்ச் சேர். பேச விரும்பாதவரைப் பேச வைக்காதே என்று அதில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் அதைப் படிக்க வேண்டாம். படித்தால் கூட்டம் போட முடியாது. கூட்டம் போடாவிட்டால் ஸ்லைடில் போட ஒன்றும் இருக்காது.

முக்கியமாக, இறந்தவரின் மனைவிக்குக் கீழ்க்கண்ட விஷயங்கள் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கு வைத்திருந்தவர் வேலையில் இருக்கும்போது இறந்தால், அந்தக் கணக்கோடு ஒட்டிய காப்பீடு ஒன்று உண்டு. இடிஎல்ஐ என்பார்கள். இறந்தவர் அதற்காக ஒரு பைசா கட்டியிருக்க வேண்டியதில்லை, கம்பெனிதான் கட்டும். 2021 ஏப்ரலில் அதன் உச்சவரம்பை 7 லட்சமாக உயர்த்தினார்கள். அதற்கு 5ஐஎஃப், பி.எஃப். பணத்துக்கு 20, விதவைப் பென்ஷனுக்கு 10டி என்று படிவங்கள் இருக்கின்றன. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஆள் இறந்துபோனால் பொருந்தாது. இரண்டரை வருஷம் வேலை பார்த்தவர் குடும்பத்துக்கும் உண்டு.

இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கையெழுத்து கேட்டு ஆபீசுக்கு வருவார். யாராவது எழுந்து அவரோடு உட்கார வேண்டியிருக்கும். அதைவிட, இறந்தவர் படத்தை பூவோடு போட்டு 'யூ வில் பி மிஸ்டு' என்று லிங்க்ட்இன்னில் எழுதுவது சுலபம். நானூறு பேர் லைக் போடுவார்கள்.

இன்னொன்று. உயிரோடு இருக்கும் டீம்காரர்களிடமும் நாமினேஷன் பேச்சை எடுக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரில் போட்ட பி.எஃப். நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின்னால் செல்லாது, புதிதாகப் போட வேண்டும் என்று பத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்காதீர்கள், அதாவது. பதினைந்து நிமிட ஆன்லைன் வேலை அது. அந்த நேரத்தில் ஒரு 'ஃபன் ஃப்ரைடே' நடத்தலாம்.

மழை வந்தால்

சதுப்பு நிலத்தின் மேல் கட்டிய அலுவலகத்திலிருந்து, சதுப்பு நிலத்தின் மேல் கட்டிய அடுக்ககத்தில் இருப்பவருக்கு "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை" என்று மெயில் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் போனது, மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் போனது. மெயில் போன இருபதாவது நிமிடம் நீங்கள் ஓர் ஆன்லைன் படிவம் அனுப்ப வேண்டும். வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, இணையம் இருக்கிறதா, தண்ணீர் எந்த மட்டம் என்று கேளுங்கள். மின்சாரமும் இணையமும் இல்லாதவர்கள் படிவத்தை நிரப்ப மாட்டார்கள். நிரப்பாதவர்களை 'பதில் இல்லை' என்று குறித்து, அன்றைக்கு லீவ் எழுதிவிடலாம். பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மொட்டைமாடியில் நின்று சிக்னல் தேடியவர்களுக்கு, கம்பெனி தங்களைத் தேடியது பிறகு தெரியவரும்.

உடம்புக்கு வந்தால்

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் டீமில் அத்தனை பேரும் வைத்தியர்கள். முள் சீத்தா, கோதுமைப் புல், கேரளாவில் ஒரு வைத்தியர் என்று ஆளுக்கொன்று அனுப்புங்கள். "எங்க பக்கத்து வீட்டு மாமிக்கும் இதேதான்" என்று கதை தொடங்குமுன், அந்த மாமி இப்போது இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குரூப் இன்சூரன்சில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கும், அதைத் தாண்டிய அறை எடுத்தால் வாடகை மட்டுமில்லாமல் பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ் முதல் மற்றதையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில் கவுன்டரில் அவரே தெரிந்துகொள்வார்.

டீமில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துபோனால் "அடுத்தது சீக்கிரமே வந்துடும்" என்று சொல்லுங்கள். கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாக அது காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அதை எடுத்துக் கலைக்க வேண்டாம்.

மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் போஸ்டரைக் கைகாட்டுங்கள். அதில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். எல்லாம் ரகசியம் என்று எழுதியிருக்கும். லிஃப்டுக்கு நிற்கும் பதினோரு பேருக்கு நடுவே நின்று ஸ்கேன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 14416 என்று அரசின் டெலிமானஸ் எண் ஒன்று 2022 அக்டோபரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் அதை போஸ்டரில் போடுவதில்லை போலும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் தளத்தைத் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா இரண்டு வாரமாக வரவில்லை என்பதைக் கவனித்துவிடாதீர்கள். அவர் கான்ட்ராக்டரின் ஆள், உங்கள் ஆர்க் சார்ட்டில் இல்லை. அவர் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், நோயுற்ற காலத்துக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் அவருக்கு வர வேண்டும். கே.கே. நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு அவர் போகலாம். கார்டு எங்கே என்று அவருக்கே தெரியாது, சூப்பர்வைசர் வைத்திருப்பார். ஒரு போன் போட்டு சூப்பர்வைசரைக் கேட்டால் கிடைத்துவிடும் என்பதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

ஆட்குறைப்பு நடந்தால்

சுருக்கமாக முடித்துவிடலாம், கம்பெனியும் அப்படித்தான் முடிக்கிறது. போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். இருப்பவர்களிடம் "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லுங்கள். நேற்று வரை அதே குடும்பத்தில் இருந்தவரின் சாட் பெயர் சாம்பல் நிறமானதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பீட்சா வரவழையுங்கள். போனவர் வேலையும் இருப்பவர் தலையில் வந்து விழும்போது அதை 'வளர்ச்சிக்கான வாய்ப்பு' என்று அறிமுகம் செய்யுங்கள். போனவர் ரெஃபரன்ஸ் கேட்டு எழுதினால் 'சீன்' காட்டாதபடி வாட்ஸ்ஆப்பில் ஒரு வசதி இருக்கிறது.

அபாயகரமான ஆட்கள்

ஒவ்வொரு டீமிலும் இந்த முறைகளையெல்லாம் கெடுக்கும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் டெஸ்டிங்கில் இருக்கும் ஓர் அக்கா, அல்லது பதவி உயர்வே வாங்காமல் பதினைந்து வருஷம் இருக்கும் ஓர் அண்ணன். குரூப்பில் ஆர்ஐபிகூடப் போட மாட்டார். செய்தி வந்த பத்தாவது நிமிடம் ஆன்கால் ரோஸ்டரைத் திறந்து, அந்தப் பையன் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரைப் போட்டிருப்பார். உங்களிடம் கேட்டிருக்கவும் மாட்டார். "யாருப்பா மாத்துனது?" என்று கேட்டால், "நான்தான் சார். அவன் வர பதினேழு நாள் ஆகும். கிளையன்ட்கிட்ட சொல்லியாச்சு" என்பார்.

ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் பழக்கூடையோடு போகமாட்டார். தூக்குவாளியில் இட்லியும் சட்னியும் எடுத்துக்கொண்டு போய், "நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, நாலு மணி நேரம் தூங்கிட்டு வாம்மா, நான் இருக்கேன்" என்று நோயாளியின் மனைவியை அனுப்பிவைப்பார். ஆதார் ஜெராக்ஸ் நாலு காப்பி அவர் பையில் இருக்கும். துக்கம் முடிந்து திரும்பி வந்தவரிடம் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லமாட்டார். "அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்பார். மின்வாரியத்தில் லைன்மேன் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் கேன்டீனில் முக்கால் மணி நேரம் போய்விடும். டைம்ஷீட்டில் அதற்கு எந்தக் கோடும் இல்லை.

எல்லோரும் மறந்த பிறகு, நாலு மாதம் கழித்து ஒருநாள், "பென்ஷன் பேப்பர் என்ன ஆச்சு, அம்மா தூங்கறாங்களா?" என்று மறுபடியும் கேட்பார். முதல் தீபாவளி அந்த வீட்டில் கொண்டாட மாட்டார்கள் என்று நினைவு வைத்திருந்து, ஸ்வீட் பாக்ஸ் விநியோகம் நடக்கும்போது அந்த மேசையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்.

இப்படிப்பட்டவரை வளரவிட்டால் மற்றவர்களும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். ஆண்டு மதிப்பீட்டில் கவனமாக இருங்கள். 'வேலையின் வேகம் போதாது, முன்முயற்சி வேண்டும்' என்று எழுதி, ஐந்துக்கு இரண்டரை போடுங்கள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்.

உங்கள் சொந்த மதிப்பீட்டுப் படிவத்தில், தலைமைப் பண்புகள் என்ற பகுதியில், ஒன்பதாவது வரிசையாக 'எம்பதி' என்று இருக்கும். நாலரை போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து போட்டால் அடக்கம் இல்லை என்பார்கள். ஆதாரம் இணைக்கச் சொன்னால், வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்த அந்தக் கூட்டத்தின் வருகைப் பட்டியலை பிடிஎஃப் ஆக்கிப் போடுங்கள். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் சிஸ்டம் ஏற்காது.